புரொடக்ஷனிலிருந்து கேரி ஆப்டிக்ஸுக்கு: பிரிவு மாறப்போகிறவர்களுக்கு

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்பதைப் பிஸ்டலின் முன் சைட்டை, அதாவது குழல்முனை மேலிருக்கும் குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இருபது கெஜ தூரத்தில் ஒரு ஸ்டீல் பாப்பர், சுட்டால் விழும் இரும்பு இலக்கு. பிடி சரியாக இருந்தது, நின்ற விதமும் சரிதான். ஆனால் முன் சைட்டின் ஓரம் பஞ்சு பிய்த்த மாதிரி மங்கிக் கிடந்தது. மூன்று தோட்டா வீணாகி நாலாவதில்தான் பாப்பர் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், நான் போட்டியிடும் நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலில் (இடம் மாறி மாறி, நேரக் கணக்கோடு சுடும் விளையாட்டு) புரொடக்ஷன் பிரிவை விட்டுக் கேரி ஆப்டிக்ஸ் பிரிவுக்குப் போய்விடுவது என்று.

மாறி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பிரிவுக்கு வேண்டிய ரெட் டாட்டை, அதாவது குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடியை, மாட்ட ஒரு மணி நேரம் போதும். கண்ணும் கையும் அதற்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். எங்கள் கிளப்பில் புதிதாக மாறுகிறவர்கள் பலரும் அந்த ஒரு மணி நேர வேலைக்கு ஆறு மாதம் யோசிக்கிறார்கள், மாதக்கணக்கான வேலையை ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். அந்த மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலுக்கான சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியாவில் தொடங்கியது. அதன் அமெரிக்கக் கிளை யுஎஸ்பிஎஸ்ஏ. நான் சுடுவது இங்கேதான் என்பதால், கீழே சொல்லும் விதிகளெல்லாம் யுஎஸ்பிஎஸ்ஏ விதிகள். வேறு நாட்டில் ஐபிஎஸ்சி விதிப்படி சுடுகிறவர்களுக்குப் பிரிவுகளின் பெயரும் அளவும் கொஞ்சம் வேறுபடும். ஒரே ஸ்டேஜை, அதாவது இலக்குகள் அடுக்கி வைத்த ஒரே சுற்றை, எல்லோரும் சுடுவார்கள், ஆனால் துப்பாக்கியின் வகையைப் பொறுத்துத் தனித்தனிப் பிரிவாகத் தரவரிசை போடுவார்கள். கடையில் வாங்கியதற்கு நெருக்கமான, சாதாரண சைட் உள்ள பிஸ்டலுக்குப் புரொடக்ஷன். அதே மாதிரிப் பிஸ்டலின் ஸ்லைடில் (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகம்) ரெட் டாட் இருந்தால் கேரி ஆப்டிக்ஸ். இவை தவிர லிமிடெட், ஓபன், சிங்கிள் ஸ்டாக், ரிவால்வர் எனப் பல உண்டு.

விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் ஒன்று. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுடுவதற்கு முன்னால்கூட ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடியேற்ற விஷயத்தில் விளையாடக் கூடாது.

எதற்காக மாறுகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் மாறுங்கள். கண் ஒரு நல்ல காரணம். சாதாரண சைட்டில் பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரம், அதில் கண் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன் சைட் கைநழுவிப் போகிறது. ரெட் டாட்டில் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வட்டாரத்தில் புரொடக்ஷனில் ஆளே இல்லை, போட்டி இருப்பது கேரி ஆப்டிக்ஸில்தான் என்பதும் நல்ல காரணம். சேர்ந்து சுட ஆள் இருந்தால்தான் முன்னேற்றம்.

ஸ்கோர் ஏறவில்லை என்பதற்காக மாறுவது மட்டும் வேண்டாம். விளையாட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாமல், கடைசித் தகுதிப்படியான டி கிளாஸில் இருக்கும் ஒருவருக்கு நேரம் வீணாவது கால் வைப்பதிலும் அடுத்த இடத்துக்குத் தயாராகாமல் போய் நிற்பதிலும்தான். புள்ளி அதைத் தீர்க்காது.

கருவி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இப்போது சுடும் அதே பிஸ்டலில் இருங்கள். குளோக் என்றால் ஆப்டிக் பொருத்தும் வசதியுள்ள அதன் எம்ஓஎஸ் வகை, சிஇசட் ஷேடோ 2 என்றால் அதிலேயே ஆப்டிக் பொருத்தத் தயாராக வரும் வகை. அல்லது இருக்கும் ஸ்லைடையே நல்ல பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கலாம். ட்ரிகரும் பிடியின் கோணமும் அப்படியே இருந்தால், கற்றுக்கொள்ள வேண்டியது புள்ளி ஒன்றுதான். குளோக்கின் பிடி சற்றுச் சாய்வானது. சிஇசட்டில் பழகிய கை குளோக்கை எடுத்தால் குழல்முனை மேலே பார்க்கும். சாதாரண சைட்டில் அதை அந்த நொடியிலேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடலாம். ரெட் டாட்டில் கண்ணாடி காலியாக இருக்கும், புள்ளி எங்கே என்றே தெரியாது. பிஸ்டலையும் சைட்டையும் சேர்த்து மாற்றியவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

குளோக்கிலிருந்து ஷேடோ 2-க்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. புரொடக்ஷனிலும் கேரி ஆப்டிக்ஸிலும் தொடக்கத்தில் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தி) முழுக்கக் கீழே இருக்க வேண்டும். துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இருக்கும்போது ட்ரிகரை அழுத்தி, ஹேமரை விரலால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். அதில் வெடித்துவிட்டால் அன்றைய போட்டியிலிருந்து நேரடி வெளியேற்றம். வீட்டில் காலித் துப்பாக்கியில் நூறு தடவை இறக்கிப் பழகாமல் ரேஞ்சுக்குப் போகாதீர்கள். ரெட் டாட் உள்ள இன்னொரு பிரிவான லிமிடெட் ஆப்டிக்ஸுக்காக 2011 வகைப் பிஸ்டலுக்குப் போகிறவர்களுக்கு இதே இடத்தில் கட்டைவிரல் சேஃப்டி இருக்கிறது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைச் சேஃப்டி போடாமல் உறையில் வைத்தாலும் வெளியேற்றம்தான்.

ரெட் டாட்டில் கண்ணாடி பெரிதாக இருக்கட்டும். டிரிஜிகான் எஸ்ஆர்ஓ, ஹோலோசன் 507 காம்ப் போன்றவை போட்டிக்காரர்களிடம் அதிகம் பார்க்கக் கிடைக்கும். விலை 500 டாலர் சுற்றுவட்டாரத்தில் வரும். புள்ளியின் அளவைப் பற்றி நாள் முழுக்க வாதம் செய்வார்கள். என் கணக்கு எளிது: 5 எம்ஓஏ (கோண அளவு) புள்ளி 25 கெஜத்தில் சுமார் 1.3 அங்குலம் மறைக்கும், இலக்கின் நடுவில் முழு மதிப்பெண் தரும் ஏ மண்டலத்தின் அகலமோ கிட்டத்தட்ட 6 அங்குலம். அதனால் பெரிய புள்ளியால் நஷ்டம் ஒன்றுமில்லை, கண்ணில் சட்டென்று படும்.

திருகை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு வையுங்கள், திருகின் தலையிலிருந்து தகடு வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பையில் எப்போதும் ஒரு உதிரி பேட்டரி.

கேரி ஆப்டிக்ஸில் மேகசினின் (தோட்டா அடுக்கும் பெட்டி) நீளம் 141.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்குள் எத்தனை தோட்டா கொண்டாலும் சரி. நான்கு மேகசின் போதும், ஐந்து நிம்மதி. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குச் சட்டத்தடை இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவின் பாதி லாபம் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். புள்ளி மாட்டிய பிஸ்டல் பழைய ஹோல்ஸ்டரில் நுழைகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் முன்பக்கத்தைக் கொஞ்சம் அரம் வைத்துத் தேய்க்க வேண்டியிருக்கும்.

ஜீரோ பார்ப்பது

புள்ளி காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி ரெட் டாட்டைச் சரிசெய்வதுதான் ஜீரோ. நான் 25 கெஜத்தில் பார்க்கிறேன். மணல் மூட்டையில் கையை ஊன்றி ஐந்து தோட்டா, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருகல், மறுபடியும் ஐந்து. ஒரு கிளிக் ஒரு எம்ஓஏ என்றால் 25 கெஜத்தில் அது கால் அங்குலம். ஒற்றைத் தோட்டாவைத் துரத்திக்கொண்டு திருகாதீர்கள்.

முடித்ததும் மூன்று கெஜத்தில் ஒரு வட்டம் வரைந்து நாலு தோட்டா சுட்டுப் பாருங்கள். புள்ளி குழலைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், பக்கத்தில் சுடும்போது தோட்டா ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே படும். சாதாரண இலக்கில் இது தெரியவே தெரியாது. இலக்கின் கீழ்ப்பாதியை நோ-ஷூட் (சுடக் கூடாத) அட்டை மறைத்துத் தலை மட்டும் தெரியும்போதுதான் இந்த ஓர் அங்குலம் பத்து மதிப்பெண்ணைத் தின்னும்.

புள்ளியைத் தேடாமல் பார்ப்பது

இனி வருவதுதான் நீண்ட வேலை. தினமும் பதினைந்து நிமிடம் ட்ரை ஃபயர், அதாவது காலித் துப்பாக்கியில் சுட்டுப் பழகுவது. பழகும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பக்கத்து அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். துப்பாக்கியின் தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். சுடும் திசையில் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது.

சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதையே பாருங்கள். கண்ணை மூடுங்கள், உறையிலிருந்து எடுத்து நீட்டுங்கள், கண்ணைத் திறங்கள். புள்ளி எங்கே இருக்கிறது? கண்ணாடிக்குள் இல்லையென்றால் தலையை ஆட்டித் தேட வேண்டாம், துப்பாக்கியையும் சுழற்ற வேண்டாம். மெதுவாகக் குழல்முனையைத் தாழ்த்துங்கள். புள்ளி மேலிருந்து இறங்கி வந்தால், நீட்டும்போதே முனை மேல்நோக்கிப் போகிறது என்று பொருள். அனேகமாக எல்லோருக்கும் இதுதான். துணைக் கையின் மணிக்கட்டை முன்பக்கமாக இன்னும் கொஞ்சம் மடக்கிப் பிடித்தால் சரியாகும். பக்கவாட்டிலிருந்து வந்தால் இரண்டு கையின் அழுத்தமும் சமமாக இல்லை. புள்ளி எந்தப் பக்கம் காணாமல் போகிறது என்பதைப் பார்த்தே பிடியின் தவறைக் கண்டுபிடித்துவிடலாம். சாதாரண சைட் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. நான் புள்ளியை விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

முதல் வாரம் பத்தில் நாலு தடவைதான் எனக்குப் புள்ளி கிடைத்தது. மூன்றாவது வாரம் எட்டு. அதற்கு முன் டைமரைத் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். வேகத்தைச் சேர்த்தால் கை பழைய வழிக்கே போய்விடும்.

இரண்டாவது பயிற்சி: ரெட் டாட்டின் முன்பக்கக் கண்ணாடியில், அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்தில், காகித டேப் ஒட்டுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மற்றது இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துவிடும். இலக்கைப் பார்க்காமல் புள்ளியை உற்றுப் பார்த்தீர்களானால் எதிரில் இலக்கே மறைந்து டேப் மட்டும் தெரியும். ஏமாற்ற முடியாத பயிற்சி இது. முன் சைட்டையே வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணை இலக்குக்குத் திருப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடுக்கம். புள்ளி வந்ததும் அது நடுங்குவது தெரியும், எல்லோரும் பயந்துபோவார்கள். கை முன்பும் அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தது, சைட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். புள்ளி அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அரை நொடி போகும். ஏழு கெஜத்தில் புள்ளி ஏ மண்டலத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் சுடலாம். இதை நம்ப வைப்பது பில் டிரில்: ஏழு கெஜம், உறையிலிருந்து எடுத்து ஆறு தோட்டா, ஆறும் ஏ. மூன்று நொடியில் தொடங்குங்கள். சுடும்போது புள்ளி சிவப்புக் கோடாக மேலே ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். அது ஏறிய இடத்துக்கே திரும்பி வந்தால் பிடி நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் இறங்கினால் நடுவில் எங்கோ கை நழுவுகிறது.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். வெயிலில் கூட்டி வைத்த புள்ளி, நிழலான உள்ரேஞ்சில் பூவாக விரிந்து இலக்கையே மறைத்துவிடும். ஒவ்வொரு ஸ்டேஜிலும், ‘மேக் ரெடி’ சொன்னதும் மிகத் தொலைவில் இருக்கும் இலக்கில் புள்ளியை வைத்து ஒரு முறை பாருங்கள். எரிகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ரீலோடு எங்கே செய்வது

நான் அடி வாங்கியது இங்கேதான். ஒரு நீண்ட ஸ்டேஜில் அதிகபட்சம் 32 தோட்டா வரும். புரொடக்ஷனில் மேகசினில் 15, தோட்டா அறையில் ஒன்று, ஆக 16. அடுத்த மேகசினையும் சேர்த்தால் 31. ஒன்று குறைகிறது. அதனால் ஒரு தவறும் செய்யாமல் சுட்டாலும் இரண்டு ரீலோடு (மேகசின் மாற்றுவது) கட்டாயம். புரொடக்ஷன்காரர்கள் இதனால் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும்போதெல்லாம் மேகசின் மாற்றிப் பழகியிருப்பார்கள். எனக்கு அது மூச்சு விடுவது போல ஆகியிருந்தது.

கேரி ஆப்டிக்ஸில் என் மூன்றாவது போட்டி. என் மேகசினில் 21 கொள்ளும், அறையில் இருப்பதோடு 22. ஒரே ஒரு ரீலோடு, 18-ஆவது தோட்டாவுக்குப் பிறகு, நீளமான ஓட்டத்தில் என்று திட்டம். நடந்து பார்த்தபோது நாலு தடவை சொல்லிக்கொண்டேன். பீப் சத்தம் கேட்டது, முதல் இடத்தில் பத்துச் சுட்டேன், இடது காலை எடுத்து வைத்தேன். கட்டைவிரல் தானாக மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியது. ‘டக்’ என்று மேகசின் சரளையில் விழுந்த சத்தம் கேட்டபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. புது மேகசினைப் போட்டேன். இப்போது கையில் 22, மீதம் சுட வேண்டியதும் சரியாக 22. ஒரு ஸ்டீலைத் தவறவிட்டு இரண்டாவது முறை சுட்டேன். கடைசி இலக்கின் முன் ஸ்லைடு திறந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு தோட்டாவுக்காக, நின்ற இடத்தில் நின்றபடியே மேகசின் மாற்றினேன். இரண்டு நொடி.

அந்த இரண்டு நொடியின் விலை என்ன? மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்து வருவதுதான் ஹிட் ஃபேக்டர். சுலபமாகக் கணக்குப் போட, எல்லாம் அட்டை இலக்காக 32 தோட்டா என்று வைத்துக்கொள்வோம். ஏ மண்டலத்தில் 24, அதற்கு வெளியே உள்ள சி மண்டலத்தில் 8. வலு குறைந்த தோட்டாவுக்கான மைனர் மதிப்பில் ஏ-வுக்கு 5, சி-க்கு 3, மொத்தம் 144. இருபது நொடியில் முடித்தால் 7.2. இருபத்திரண்டு நொடி என்றால் 6.55. கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் போய்விட்டது, குறி தவறியதால் அல்ல, கை பழைய வழக்கத்தை விடாததால்.

அதனால் ஸ்டேஜ் திட்டம் போடும்போது இப்படிச் செய்யுங்கள். என் மேகசின் கணக்குப்படி, 32 தோட்டாவுக்கு ஒரு ரீலோடு போதுமென்றால் அது பத்தாவதற்கும் 21-ஆவதற்கும் இடையில் எங்கேயும் வரலாம். ஆனால் இரண்டு ஓரத்திலும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதால் 14 முதல் 18 வரைதான் பார்ப்பேன். அந்த இடைவெளிக்குள் எந்த ஓட்டம் நீளமோ அங்கே வையுங்கள். மற்ற நகர்வுகளில் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்து, அடுத்த இலக்கைப் பார்த்துக்கொண்டே போங்கள். வீட்டில் இதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்: இரண்டு ஸ்டிக்கருக்கு நடுவில் நாலடி நகருங்கள், கட்டைவிரல் பொத்தானைத் தேடாமல் இருக்கட்டும். ஒன்றைச் செய்யாமலிருக்கப் பயிற்சியா என்று தோன்றும். எனக்கு அது ஒரு மாதம் எடுத்தது.

மேஜருக்குப் போகிறவர்களுக்கு

புரொடக்ஷனும் கேரி ஆப்டிக்ஸும் இரண்டுமே மைனர், அதனால் மதிப்பெண் கணக்கு மாறாது. லிமிடெட், ஓபன் பக்கம் போகிறவர்களுக்கு மாறும், அங்கே வலு கூடிய தோட்டாவுக்கு மேஜர் என்ற மதிப்பு உண்டு. மேஜரில் சி-க்கு 4, இலக்கின் வெளி ஓரமான டி-க்கு 2 கிடைக்கும். மைனரில் அது 3, 1. மேலே சொன்ன அதே சுடுதல் மேஜரில் 152 ஆகி, ஹிட் ஃபேக்டர் 7.6 ஆகும். அந்த ஸ்டேஜில் ஏ தவறிச் சி பட்டால் மைனர்காரருக்கு 0.28 நொடி நஷ்டம், மேஜர்காரருக்கு 0.13 நொடி. ஓபன்காரர்கள் அவ்வளவு வேகமாகச் சுடுவதன் நியாயம் இதில் இருக்கிறது. அவர்களைப் பார்த்து மைனரில் அதே வேகத்தில் போகாதீர்கள்.

மேஜருக்குத் தோட்டாவின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தை அடிக் கணக்கில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 165 வர வேண்டும். லிமிடெட்டில் அதற்குக் குறைந்தது .40 காலிபர் வேண்டும். 180 கிரெயின் தோட்டா நொடிக்கு 945 அடி போனால் 170 வரும், அந்த அளவு இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டியில் குரோனோகிராஃப் வைத்துத் தோட்டாவின் வேகத்தை அளப்பார்கள். 165-க்குக் கீழே போனால் மைனராகக் கணக்கிடுவார்கள், 125-க்கும் கீழே போனால் மதிப்பெண்ணே இல்லை.

கிளாஸ் என்ன ஆகும்?

உங்கள் தகுதிப்படியான கிளாஸ் பிரிவு வாரியாகத்தான். புதுப் பிரிவில், கிளாஸை நிர்ணயிக்கும் கிளாசிஃபையர் ஸ்டேஜ்களில் நாலு ஸ்கோர் சேர்ந்தால் கிளாஸ் வரும்: 40 சதவீதத்திலிருந்து சி, 60-இல் பி, 75-இல் ஏ, 85-இல் மாஸ்டர், 95-இல் கிராண்ட் மாஸ்டர். ஆனால் உங்கள் உயர்ந்த கிளாஸுக்கும் மற்றப் பிரிவுகளின் கிளாஸுக்கும் ஒரு படிக்கு மேல் இடைவெளி இருக்க விடமாட்டார்கள். புரொடக்ஷனில் மாஸ்டர் என்றால் கேரி ஆப்டிக்ஸில் ஏ-வுக்குக் கீழே இறங்க முடியாது. முதல் சில மாதம் உங்கள் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் எழுத்து உங்கள் சுடுதலைவிட உயரமாகத் தெரியலாம். அதற்காகக் கிளாசிஃபையரைத் தவிர்க்காதீர்கள். ராப் லேதம் போன்ற முன்னணி அமெரிக்கச் சுடும் வீரர்கள் பல பிரிவுகளில் தேசியப் பட்டம் வென்றிருக்கிறார்கள், அவர்களும் ஒவ்வொரு பிரிவிலும் முதல் போட்டி என்று ஒன்றைச் சுட்டவர்கள்தான்.

முதல் போட்டி நாள்

போட்டிப் பதிவுக்கான பிராக்டிஸ்கோர் இணையதளத்தில் பதிவு செய்யும்போது பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிவு அப்படியே புரொடக்ஷன் என்று நிற்கும். தேர்ந்த பிரிவின் விதிக்கு உங்கள் கருவி ஒத்துவராவிட்டால், அதாவது மேகசின் நீளமாக இருந்தாலோ, துப்பாக்கி அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டாலோ, உங்களை ஓபனுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில் உங்கள் பிரிவின் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வையுங்கள். முந்தின இரவே மேகசின்களை ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஸ்டேஜிலும் எத்தனை தடவை கண்ணாடி காலியாக இருந்தது. எனக்கு முதல் போட்டியில் ஐந்து ஸ்டேஜில் பதினொன்று. அதில் எட்டு, வலது பக்கம் சாய்ந்து சுவரோரமாகச் சுட்ட இடங்களில். அடுத்த வாரம் வீட்டில் கதவு நிலையோரம் நின்று சாய்ந்தபடியே எடுத்து நீட்டிப் பழகினேன்.

பழைய பிஸ்டலையும் புரொடக்ஷன் பெல்ட்டையும் ஒரு வருஷத்துக்கு விற்காதீர்கள். ரெட் டாட் பழுதாகி உற்பத்தியாளரிடம் போனால் திரும்பி வரச் சில வாரம் ஆகும், அந்த மாதப் போட்டியை அதில் சுடலாம். மற்றபடி நல்லபடியாகப் பழகும் வரை இரண்டு பிரிவுக்கும் மாறி மாறிப் போக வேண்டாம். குறைந்தது ஆறு மாதம் புள்ளியோடு மட்டும் இருங்கள்.